வீட்டில் திருவிளக்கு ஏற்றுதல்: துலக்குவது முதல் மலையேற்றுவது வரை

தமிழில் 'விளக்கு' என்ற ஒரே சொல் மூன்று பொருள்களைச் சுமக்கிறது. ஒளி தரும் பொருளுக்கு அதுவே பெயர். பாத்திரத்தைத் தேய்த்துப் பளிச்சென்று ஆக்குவதையும் விளக்குதல் என்கிறோம். புரியாத ஒன்றைப் புரியவைப்பதும் விளக்குதல்தான். வீட்டில் திருவிளக்கு ஏற்றும் வழிபாட்டின் பொருள் முழுவதும் இந்த மூன்றுக்குள் அடங்கியிருக்கிறது என்று கருதுகிறேன். துலக்குவதில் தொடங்கி, ஏற்றுவதில் நடுவாகி, அதன் முன் அமரும்போது உள்ளத்துக்கு ஏதோ ஒன்று விளங்குவதில் அது நிறைவு பெறுகிறது. இன்று பலர் நடுவிலுள்ள ஒரு நிமிட வேலையை மட்டும் செய்துவிட்டு, எத்தனை முகம் ஏற்றினால் என்ன பலன், எந்தத் திசையில் வைத்தால் என்ன கேடு என்னும் பட்டியல்களைப் படித்து அஞ்சிக்கொண்டிருக்கிறார்கள். முறைகளை அறிந்துகொள்வது நல்லது. ஆனால் ஒவ்வொரு முறைக்கும் பின்னால் உள்ள காரணத்தையும் சேர்த்து அறிந்துகொண்டால், அச்சத்தின் இடத்தில் அன்பு வந்துவிடும். அந்த எண்ணத்தோடுதான் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

இந்த வழக்கத்தின் பழமையைக் காட்டும் அழகிய காட்சி ஒன்று பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடையில் உள்ளது. விடாத மழையால் பகலும் இரவும் ஒன்றுபோல் இருண்டு கிடக்க, மாலை வந்ததா என்பதே தெரியாத கூதிர்காலம். தட்டில் இட்டுவைத்த பிச்சி அரும்புகள் மலர்ந்து மணம் வீசுவதைக் கொண்டு மகளிர் பொழுதை அறிகிறார்கள். இரும்பால் செய்த விளக்கில் எண்ணெய் தோய்ந்த திரியைக் கொளுத்தி, நெல்லும் மலரும் தூவிக் கைதொழுகிறார்கள். பொழுதறிதல், திரி, சுடர், நெல், மலர், கைதொழுதல் ஆகிய ஆறும் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாக நம் வீடுகளில் மாறாமல் இருந்து வருகின்றன. இவற்றுக்கு மேல் சேர்ந்தவை யாவும் ஊருக்கு ஊர், குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபடும் வழக்கங்கள். எனவே உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லித் தந்த முறை இங்கே உள்ளதிலிருந்து மாறுபட்டால், உங்கள் வீட்டு முறையையே பின்பற்றுங்கள்.

முதற்படி: விளக்கைத் தேர்ந்தெடுத்தல்

தினசரி வழிபாட்டுக்கு ஒரு காமாட்சி விளக்கோ, சிறிய குத்துவிளக்கோ, மண் அகலோ போதும். காமாட்சி விளக்கு ஒரே முகம் கொண்டது. பின்புறத் தகட்டில் அம்மனின் உருவம் இருக்கும். திருமணத்தின்போது பிறந்த வீட்டிலிருந்து மணமகளோடு அனுப்பப்படும் விளக்கும் பல குடும்பங்களில் இதுவே. ஒரு வீட்டின் சுடர் இன்னொரு வீட்டில் தொடர்வதாக அதைப் பார்ப்பதால், தலைமுறை தாண்டி வந்த பழைய விளக்கைப் புதியதற்காக மாற்றிக்கொள்ள எவருக்கும் மனம் வருவதில்லை.

குத்துவிளக்கு வாங்குவதாக இருந்தால், கும்பகோணத்துக்கு அருகிலுள்ள நாச்சியார்கோவிலில் வார்க்கப்படும் பித்தளை விளக்குகள் புவிசார் குறியீடு பெற்றவை. அங்குள்ள கைவினைஞர்கள் காவிரிப் படுகையின் மண்ணில் அச்செடுத்து, அடிப்பாகம், தண்டு, எண்ணெய் நிற்கும் தகழி, உச்சி என்று தனித்தனியாக வார்த்து, கடைந்து, மரையிட்டுப் பொருத்துகிறார்கள். வாங்கும்போது கவனிக்க வேண்டியது பூ வேலைப்பாடு அன்று. சமதளத்தில் வைத்தால் ஆடாமல் நிற்க வேண்டும். தகழியில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் கசியக் கூடாது. பாகங்களைக் கழற்றிக் கழுவ முடிய வேண்டும்.

குத்துவிளக்கின் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு பொருள் சொல்வது மரபு. அடிப்பாகம் நான்முகன், தண்டு திருமால், எண்ணெய் நிறையும் அகல் உருத்திரன், திரி அமரும் முனைகள் மகேசுவரன், உச்சி சதாசிவன் என்றும், சுடரின் மூன்று தன்மைகள் திருமகள், கலைமகள், மலைமகள் என்றும் சொல்வார்கள். படைத்தல் முதல் அருளல் வரையிலான ஐந்து தொழில்களும் ஒரு விளக்கின் உடலில் கீழிருந்து மேலாக ஏறுகின்றன என்பது இதன் கருத்து. பொட்டு வைக்கும்போது கீழிருந்து மேல்நோக்கிச் செல்லும் வழக்கத்தை இதோடு சேர்த்துப் பார்த்தால், கையும் மனமும் ஒரே திசையில் ஏறுவது தெரியும்.

விலை உயர்ந்த விளக்கு இல்லையே என்று தயங்குபவர்கள் நாயன்மார்களை நினைக்கலாம். திருவாரூரில் அரநெறி என்னும் சிவன் கோயிலில் விளக்கேற்ற நெய் கேட்ட நமிநந்தியடிகள், பக்கத்து வீட்டில் மறுக்கப்பட்டதும் குளத்து நீரை முகந்து ஊற்றி எரித்தார். செல்வம் இழந்த கணம்புல்லர், கணம்புல்லை அறுத்து விற்று அந்தப் பணத்தில் தில்லையில் விளக்கேற்றினார். புல் விலைபோகாத நாளில் புல்லையே திரியாக்கினார். திருவொற்றியூர்க் கலியநாயனார் பொருளெல்லாம் தீர்ந்தபின் செக்காட்டிக் கூலி வாங்கி விளக்கு எரித்தார். பெரியபுராணம் கொண்டாடும் இந்த மூவரிடமும் சிறந்த விளக்கு இருந்ததாகச் செய்தியே இல்லை; ஏற்றாமல் ஒரு நாளும் இருக்க மாட்டேன் என்ற உறுதிதான் இருந்தது.

இரண்டாம்படி: துலக்குதல்

இந்தப் படியைத்தான் நாம் மிகவும் குறைத்து மதிப்பிடுகிறோம். வாரம் ஒருமுறையாவது விளக்கைத் துலக்க வேண்டும். வெள்ளிக்கிழமை வழிபாட்டுக்காக வியாழக்கிழமையே துலக்கி வைப்பதும், செவ்வாய், வெள்ளிகளில் துலக்காமல் இருப்பதும் பரவலான வழக்கம். வழிபாட்டு நாளில் கை ஓய்ந்து மனம் ஈடுபட வேண்டும் என்ற ஏற்பாடாகவே இதை நான் பார்க்கிறேன்.

முதலில் பழைய எண்ணெயையும் திரிகளையும் எடுத்துவிட்டு, பழந்துணியாலோ தாளாலோ பிசுக்கைத் துடைத்தெடுங்கள். துடைக்காமல் நேரே தண்ணீரில் போட்டால் பிசுக்கு எல்லா இடத்திலும் பரவும். பிறகு வெந்நீரில் சிறிது நேரம் ஊறவிட்டு, ஊறவைத்த புளியோடு சிறிது உப்பு சேர்த்துத் தேய்க்க வேண்டும். புளியிலுள்ள அமிலம் பித்தளையின் மேல் படிந்த கறுப்பையும் பச்சைக் களிம்பையும் கரைத்துவிடும்; எலுமிச்சைத் தோலும் இதையே செய்யும். தேய்த்தபின் நன்றாக அலசாமல் விட்டால் அதே அமிலம் மறுநாளே விளக்கை மீண்டும் மங்கவைக்கும். இறுதியாக விபூதியோ சலித்த மென்சாம்பலோ கொண்டு உலரத் துடைத்தால் நீர்த்திட்டுகள் தங்கா. வெள்ளி விளக்குக்குப் புளி வேண்டாம். விபூதி மட்டும் போதும். மண் அகல் புதிதாக வாங்கியதென்றால் தண்ணீரில் சில மணி நேரம் ஊறவைத்துக் காயவிடுங்கள். இல்லாவிட்டால் எண்ணெயை அதுவே குடித்துவிடும்.

சைவ சித்தாந்தத்தில் உயிரைப் பற்றிய ஆணவ மலத்துக்குச் சொல்லப்படும் பெயர்பெற்ற உவமை 'செம்பில் களிம்பு'. களிம்பு வெளியிலிருந்து வந்து ஒட்டிய தூசி அன்று. செம்பு தோன்றிய நாள் முதல் அதனோடே இருப்பது. ஆயினும் அது செம்பு அன்று. தன்முனைப்பும் அப்படித்தான் நம்மோடே இருக்கிறது, ஆயினும் அது நாம் அல்ல. உமாபதி சிவம் திருவருட்பயனில் இதை இன்னும் நுட்பமாகச் சொல்கிறார்: இருள் மற்றப் பொருள்களை மறைத்தாலும் தன் உருவத்தையாவது காட்டும், ஆணவமோ பொருளையும் காட்டாது, தன்னையும் காட்டாது. நமக்குள் தன்முனைப்பு இருப்பதே நமக்குத் தெரியாமல் போவது அதனால்தான். புளியைத் தேய்க்கத் தேய்க்கக் கறுப்பு கலங்கி ஓடி, உள்ளிருந்த பொன்னிறம் வெளிப்படுவதைப் பார்க்கும்போது இந்த ஒரு கருத்தை நினைத்துக்கொண்டால், துலக்குதலே பாதி வழிபாடு ஆகிவிடும்.

மூன்றாம்படி: எண்ணெயும் திரியும்

நல்லெண்ணெயும் பசுநெய்யும் எல்லோரும் ஏற்பவை. தேங்காய் எண்ணெய், வேப்பெண்ணெய், இலுப்பை எண்ணெய், ஆமணக்கு எண்ணெய் ஆகியவையும் மரபில் உள்ளவை. ஆமணக்கு எண்ணெய்க்கு 'விளக்கெண்ணெய்' என்ற பெயரே அதன் பழைய பயனைச் சொல்கிறது. இலுப்பை எண்ணெய் கோயில் விளக்குகளுக்கு நெடுங்காலம் பயன்பட்டது. கடலை எண்ணெய் கூடாது என்பது வழக்கம். நிலக்கடலை தென் அமெரிக்காவிலிருந்து பிற்காலத்தில் வந்த பயிர் என்பதால், பழைய முறைகளில் அதற்கு இடமில்லாமல் போனது இயல்பே. கடைகளில் 'தீப எண்ணெய்' என்று விற்கப்படுவனவற்றில் பல, பல எண்ணெய்களோடு வாசனை சேர்த்த கலவைகள். உறையைப் படித்துப் பார்த்து, சமையலுக்கு உகந்ததல்ல என்று குறித்திருந்தால் அடுப்படியில் வைக்காதீர்கள்.

திரிக்குப் பஞ்சே சிறந்தது. தாமரைத்தண்டு, வாழைத்தண்டு, வெள்ளெருக்கு ஆகியவற்றின் நாரில் செய்த திரிகளும் உண்டு. ஒற்றை இழையாக இடாமல் இரண்டு திரிகளைச் சேர்த்து முறுக்கி ஒன்றாக இடுவது வழக்கம். சுடர் சீராக நிற்பதற்கும் அது உதவுகிறது. திரி முழுவதும் எண்ணெயில் நனைந்திருக்க வேண்டும். நுனி மட்டும் விளிம்புக்கு வெளியே கால் விரற்கடை அளவுக்கு நீண்டிருந்தால் போதும். அதற்கு மேல் நீண்டால் புகையும், கரியும் படியும். எண்ணெய் பஞ்சிழைகளின் நுண்ணிய இடைவெளிகள் வழியாக மேலேறி, சுடரின் வெப்பத்தில் ஆவியாகி, அந்த ஆவியே எரிகிறது. எண்ணெய் வந்துகொண்டிருக்கும்வரை திரி மெல்லக் கருகுவதோடு நின்றுவிடும். எண்ணெய் தீர்ந்ததும் தானே எரியத் தொடங்கிக் கருகிய வாடை வீசும். அதனால்தான் எண்ணெய் முதலில், திரி பிறகு என்ற வரிசையைப் பெரியவர்கள் வலியுறுத்துகிறார்கள்.

எண்ணெயும் திரியும் எவற்றின் அடையாளம் என்று கேட்டால், திருக்கோவலூர் இடைகழியில் நடந்ததாகச் சொல்லப்படும் நிகழ்ச்சியைத் தவிர வேறு எதைச் சொல்வது என்று எனக்குத் தோன்றவில்லை. மழை பெய்த இரவில் ஒருவர் படுக்கவும், இருவர் இருக்கவும், மூவர் நிற்கவும் மட்டுமே இடமுள்ள அந்த இடைகழியில் முதலாழ்வார்கள் மூவரும் ஒதுங்கி நின்றபோது, கண்ணுக்குத் தெரியாத நான்காமவர் ஒருவர் நெருக்குவதை உணர்ந்தார்கள். யார் என்று காண விளக்கு வேண்டியிருந்தது. பொய்கையாழ்வார் வையத்தைத் தகழியாகவும் கடலை நெய்யாகவும் கதிரவனை விளக்காகவும் கொண்டு ஏற்றினார். பூதத்தாழ்வார் அன்பைத் தகழியாகவும் ஆர்வத்தை நெய்யாகவும் இன்பத்தால் உருகும் சிந்தையைத் திரியாகவும் இட்டு ஞானச் சுடர் ஏற்றினார். அந்த இரண்டு ஒளியிலும் பேயாழ்வார் நெருக்கியவனைத் திருமாலாகக் கண்டார். 'திருக்கண்டேன்' என்று பாடினார். புற விளக்கு ஒன்று, அக விளக்கு ஒன்று, இரண்டும் சேர்ந்தபின் காட்சி. தினமும் எண்ணெய் ஊற்றும்போது ஆர்வத்தையும் திரியிடும்போது உருகும் சிந்தையையும் நினைப்பதற்கு இதைவிடத் தெளிவான வழிகாட்டல் கிடைப்பது அரிது.

நான்காம்படி: பொழுதும் இடமும்

காலையில் கதிரவன் எழுவதற்கு முன்பும், மாலையில் மறையும் நேரத்திலும் ஏற்றுவது முறை. பிரம்ம முகூர்த்தம் என்பது சூரிய உதயத்துக்கு 96 நிமிடங்களுக்கு முன் தொடங்கி 48 நிமிடங்கள், அதாவது 2 நாழிகை, நீடிக்கும். அந்த நேரத்தில் எழ இயலாதவர்கள் உதயத்தை ஒட்டி ஏற்றலாம். இரண்டு வேளையும் முடியாதென்றால் மாலையை விடாதீர்கள். பகல் இரவாக மாறும் அந்தச் சந்திப் பொழுதுக்கு உரியதே இந்த வழிபாடு.

விளக்கை வெறுந்தரையில் வைப்பதில்லை. சிறு கோலமிட்டு, மனைப்பலகையோ தாம்பாளமோ வைத்து, பச்சரிசியோ நெல்லோ பரப்பி அதன்மேல் நிறுத்துவார்கள். சிந்தும் எண்ணெயைத் தாம்பாளம் தாங்கிக்கொள்ளும். சுடர் கிழக்கு, மேற்கு, வடக்கு ஆகிய திசைகளை நோக்கலாம். தெற்கு, நீத்தார்க்கும் எமனுக்கும் உரிய திசை என்பதால் அன்றாட வழிபாட்டில் தவிர்க்கப்படுகிறது. அறியாமல் ஒருநாள் தெற்கு நோக்கி ஏற்றிவிட்டால் அடுத்த நாள் திருப்பி வையுங்கள். அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. ஐந்து முகங்களையும் ஏற்றுவது விழா நாள்களுக்குச் சிறப்பு. அன்றாடம் ஒரு முகமோ இரண்டு முகமோ தடையில்லை.

இடத்தைத் தேர்வதில் திசையைவிட முதன்மையானது பாதுகாப்பு. திரைச்சீலை, தாள்கள், எரிவாயு உருளை, மின்விசிறிக் காற்று ஆகியவற்றிலிருந்து விலகிய இடமாக அது இருக்க வேண்டும். மரத்தால் செய்த பூசை அலமாரிக்குள் ஏற்றும்போது மேல்தட்டுக்கும் சுடருக்கும் போதிய இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் விளக்கை அலமாரிக்கு வெளியே வையுங்கள். எண்ணெயில் தீப்பற்றிவிட்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது. உலோகத் தட்டால் மூடினால் காற்றில்லாமல் அணைந்துவிடும். ஏற்றிய விளக்கை விட்டுவிட்டு வெளியே செல்வதும் உறங்கச் செல்வதும் பக்தி ஆகா.

ஐந்தாம்படி: ஏற்றுதல்

கை, கால், முகம் கழுவி, வீட்டைப் பெருக்கி, வாசலில் நீர் தெளித்து, முன்வாசலைத் திறந்து வையுங்கள். கொல்லைக் கதவு இருந்தால் அதைச் சாத்திவைப்பது வழக்கம். விளக்குக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு, பூச் சூட்டி, எண்ணெய் ஊற்றித் திரியிடுங்கள். தீக்குச்சியால் நேரே கொளுத்தாமல், முதலில் ஒரு சிறு கைவிளக்கை ஏற்றி அதன் சுடரால் திருவிளக்கை ஏற்றுவது நல்ல மரபு. கந்தகம் கலந்த குச்சி நெடி திரியில் படாது. அதோடு, சுடரிலிருந்து சுடர் பிறக்கும்போது முதற்சுடர் குறைவதில்லை என்பதைத் தினமும் கண்ணால் பார்க்கிறோம். கொடுத்தும் குறையாத பொருளாக அறிவையும் அருளையும் சொல்வதற்கு விளக்கு உவமையானது இதனால்தான்.

ஏற்றியபின் கற்கண்டோ, பழமோ, ஒரு தம்ளர் பாலோ வைக்கலாம். எதுவும் இல்லாத நாளில் தண்ணீர் போதும். தெரிந்த போற்றியையோ பதிகத்தையோ சொல்லுங்கள். தெரியாதவர்கள் அப்பரின் 'இல்லக விளக்கது இருள் கெடுப்பது' என்று தொடங்கும் பாடலைக் கற்றுக்கொள்ளலாம். இல்லத்தின் விளக்கு, சொல்லின் உள்ளே உள்ள விளக்கு, பலரும் காணும் விளக்கு, நல்லவர் நெஞ்சிலுள்ள விளக்கு என்று படிப்படியாக ஏறி நமச்சிவாயத்தில் முடியும் நான்கே வரிகள்.

பெண்கள்தான் ஏற்ற வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். இல்லத்தரசி ஏற்றுவது நெடுநாள் வழக்கம். ஆனால் மேலே சொன்ன நாயன்மார் மூவரும் ஆண்களே. தனியே தங்கிப் படிக்கும் பையனும், மனைவியை இழந்த முதியவரும் தயங்காமல் ஏற்றலாம்.

ஆறாம்படி: அமர்தல்

ஏற்றியதும் எழுந்து போய்விடாதீர்கள். ஐந்து நிமிடமாவது சுடரைப் பார்த்தபடி அமருங்கள். முதுகை நேராக வைத்து, சுடர் கண்மட்டத்தில் சற்றுத் தள்ளி இருக்குமாறு அமர்ந்து, அதன் அடியிலுள்ள நீலத்தையும் மேலே விரியும் பொன்னிறத்தையும் அமைதியாகக் கவனியுங்கள். கண் கூசினால் மூடிக்கொண்டு உள்ளே அதே சுடரை நினையுங்கள். காற்றுப்படாத விளக்கு அசைவதில்லை. மனம் அலைவதும் அடங்குவதும் அந்தச் சுடரைப் பார்க்கப் பார்க்கப் புலப்படும். கைப்பேசி வேறு அறையில் இருக்கட்டும்.

இந்த அமர்தலுக்கு இவ்வளவு அழுத்தம் தருவதற்கு வள்ளலார் ஒரு காரணம். 1873ஆம் ஆண்டு மேட்டுக்குப்பத்தில், தம் அறையில் எரிந்துகொண்டிருந்த விளக்கை வெளியே எடுத்து வைத்து, அதைத் தடைபடாது வழிபடுமாறு அன்பர்களிடம் சொன்னார். வடலூர் சத்திய ஞானசபையில் தைப்பூசத்தன்று ஏழு திரைகள் விலகியபின் காண்பதும் சோதியைத்தான். உருவம் ஏதும் வைக்காத வீட்டிலும் ஒரு விளக்கு மட்டும் முழுமையான வழிபாட்டுப் பொருளாக நிற்க முடியும் என்பதை அவர் நிலைநாட்டினார்.

கார்த்திகை நாளும் மாவிளக்கும்

திருக்கார்த்திகையன்று வாசல், மாடம், கிணற்றடி, மாட்டுக்கொட்டில் என்று இருள் தங்கும் இடமெல்லாம் அகல் வைப்பார்கள். திருவண்ணாமலையில் விடியற்காலை பரணி தீபமும், மாலையில் 2,668 அடி உயர மலையுச்சியில் மகாதீபமும் ஏற்றப்படுகின்றன. அடியும் முடியும் காணமுடியாத நெருப்புத் தூணாகச் சிவன் நின்றதன் நினைவு அது. அன்று வீட்டு விளக்குகளை ஏற்றும்போது முதலில் பூசையறை விளக்கையும், அதிலிருந்து மற்றவற்றையும் ஏற்றி, வாசலுக்குக் கொண்டுசெல்லுங்கள்.

மாவிளக்கு வேறு வகை. பச்சரிசியை ஊறவைத்து நிழலில் உலர்த்தி இடித்த மாவில் வெல்லமும் ஏலமும் சேர்த்துப் பிசைந்து, நடுவில் குழித்து, நெய்விட்டுத் திரியேற்றுவார்கள். ஆடியில் அம்மனுக்கும் புரட்டாசிச் சனிக்கிழமைகளில் பெருமாளுக்கும் இது சிறப்பு. சுடர் அடங்கியபின் திரியை எடுத்துவிட்டு, நெய் ஊறிய மாவை எல்லோருக்கும் பகிர்ந்து தருவார்கள். விளக்கே உணவாகிறது, வழிபட்ட ஒளியை வீட்டார் உண்கிறார்கள்.

இறுதிப்படி: மலையேற்றுதல்

விளக்கை 'அணை' என்று நம் வீடுகளில் சொல்வதில்லை. மலையேற்று, குளிரவை, அமர்த்து என்பார்கள். வாயால் ஊதுவதும் கையால் வீசுவதும் வழக்கமில்லை. தூண்டுகுச்சியால் திரியைப் பின்னுக்கு இழுத்து எண்ணெயில் அமிழ்த்துங்கள். அல்லது மலரால் மென்மையாக அழுத்துங்கள். எண்ணெயில் அமிழ்த்துவதால் திரிநுனி கனன்று புகைவதும் நின்றுவிடும். எண்ணெய் முழுவதும் வற்றித் தானே கருகும்வரை விடாதீர்கள்.

எண்ணெய் வற்றாமல் பார்த்துக்கொள்ளும் அக்கறைக்குச் சோழர் காலக் கல்வெட்டுகள் சான்று. தஞ்சைப் பெரிய கோயிலில் இரவும் பகலும் எரியும் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகள் கொடுக்கப்பட்டன; அவற்றைப் பெற்றவர்கள் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். இறந்தவற்றுக்கும் மூத்தவற்றுக்கும் ஈடாகக் குட்டிகள் சேர்ந்து எண்ணிக்கை குறையாமல் இருப்பதால் அந்த மந்தையைச் 'சாவா மூவாப் பேராடு' என்றே எழுதினார்கள். ஒரு சுடர் என்றும் எரிய எத்தனை உயிர்களின், எத்தனை கைகளின் உழைப்பு வேண்டியிருந்தது என்பதை அந்தச் சொல் காட்டுகிறது.

தகழியில் மிஞ்சிய நல்ல எண்ணெயை மறுநாள் பயன்படுத்தலாம். கறுத்துப்போனதை மட்டும் மாற்றுங்கள். எரிந்த திரிகளைக் குப்பையில் போட மனம் வராதவர்கள் ஒரு சிறு கிண்ணத்தில் சேர்த்துவைத்து, மாதம் ஒருமுறை செடிகளின் வேருக்குச் சற்றுத் தள்ளி மண்ணில் புதைத்துவிடுவார்கள். வெளியூர் செல்லும் நாள்களில் விளக்கைத் துலக்கி, உலர்த்தி, தகழியில் ஒரு பூவை வைத்துவிட்டுச் செல்லுங்கள். திரும்பி வந்த அன்று மாலை, பெட்டியைப் பிரிப்பதற்கு முன் அதை ஏற்றுங்கள்.